மதுரை வெயிலுக்கு எந்த நாய்க்குட்டி வாங்கலாம்?

நாய் வளர்க்கலாம் என்று வீட்டில் முடிவானதும் எல்லோரும் முதலில் செய்வது செல்போனில் குட்டிகளின் படம் பார்ப்பதுதான். அதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். வெயில் நன்றாக ஏறிய ஒரு நாளில், மதியம் இரண்டு மணிக்கு, நாய் எங்கே படுக்கும் என்று நினைக்கிறீர்களோ அந்த இடத்தில் செருப்பில்லாமல் போய் நில்லுங்கள். தரையில் புறங்கையை வைத்துப் பாருங்கள். ஐந்தாறு விநாடி வைத்திருக்க முடியவில்லை என்றால் அங்கே எந்த இனத்து நாயையும் விட முடியாது. காற்று வருகிறதா, மரநிழல் இருக்கிறதா, எதிர்ச்சுவர் வெயிலை வாங்கித் திருப்பி அடிக்கிறதா என்று ஒரு கால்மணி நேரம் அங்கேயே இருந்து பார்த்துவிட்டு, அப்புறம் இனத்தைப் பற்றி யோசிக்கலாம்.

நம் ஊரில் பெரும்பாலும் நாயைப் பிடித்துப்போய் முன்பணம் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகு இடம் தேடுகிறார்கள். இடத்தை வைத்துத்தான் நாயை முடிவு செய்ய வேண்டும். மாசி வீதிகளுக்குள் சுவரோடு சுவர் ஒட்டிய வீடா, நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் நாலு புறமும் இடம் விட்டுக் கட்டிய வீடா, சோழவந்தான் பக்கம் தோட்டத்துக்குள் இருக்கிற வீடா என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். மொட்டை மாடியில் ஒரு தகரக் கொட்டகை போட்டு நாயை அங்கே கட்டிவிடலாம் என்பதுதான் திட்டம் என்றால், தயவுசெய்து நாயே வாங்க வேண்டாம். பகலெல்லாம் வெயில் குடித்த தளம் ராத்திரி பத்து, பதினொரு மணி வரைக்கும் அந்தச் சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும், பொழுது சாய்ந்த பிறகும் அங்கே நாய்க்கு ஓய்வு கிடைக்காது.

நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கிறது. நாய்க்குப் பாதத்தில் மட்டும்தான் கொஞ்சம் வியர்க்கும், அது உடம்பைக் குளிர்விக்கப் போதாது. வாயைத் திறந்து நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கும்போது நாக்கிலும் மூக்கின் உள்பகுதியிலும் இருக்கிற ஈரம் ஆவியாகிப் போகிறதே, அதுதான் அதற்குள்ள பெரிய வழி. நாயின் உடம்புச் சூடு சாதாரணமாகவே 101-லிருந்து 102.5 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 38.3-லிருந்து 39.2 செல்சியஸ். அக்னி நட்சத்திரத்தில் மதுரையில் 40-ஐத் தொடும் நாட்களில் வெளிக்காற்றே நாயின் உடம்பைவிடச் சூடாகிவிடுகிறது, சும்மா நிழலில் படுத்திருந்தால் மட்டும் சூடு வெளியே போகாது, ஈரம் ஆவியானால்தான் உண்டு. கோடை மழை ஒரு பாட்டம் பெய்துவிட்டு நின்ற சாயங்காலம் ஒரு புழுக்கம் வருமே, அப்போது காற்றிலேயே ஈரம் நிறைந்து இருப்பதால் அந்த ஆவியாதலும் மந்தமாகிவிடும். வெயில் இல்லையே, மேகமாகத்தானே இருக்கிறது என்று அந்த நேரத்தில் நாயை ஓடவிடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆக, ஓர் இனம் இந்த ஊருக்குத் தாங்குமா என்று பார்க்க முதல் கேள்வி, அது எவ்வளவு சுலபமாக மூச்சு விடுகிறது என்பது. பக் குட்டியை யாராவது கையில் கொடுத்தால் முகத்தைப் பார்த்து மயங்குவதற்கு முன் மூக்குத் துளையை உற்றுப் பாருங்கள். ஒரு நாட்டு நாய்க்குட்டியின் துளை நன்றாக விரிந்து கறுப்பாகத் தெரியும். பல பக் குட்டிகளுக்கு அது ஒரு கீறல் மாதிரி இருக்கும், மூச்சை உள்ளே இழுக்கும்போது அந்தக் கீறலும் ஒட்டிக்கொள்ளும். முகம் சுருங்கிய அளவுக்கு உள்ளே இருக்கிற சதை சுருங்குவதில்லை. மெல்லண்ணம், அதாவது மேல்வாயின் பின்பக்கத்து மென்மையான சதை, நீண்டு தொண்டையை மறைக்கிறது, அதனால்தான் கொர்கொர் என்று சத்தம். அதைச் செல்லமான குறட்டை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பிரெஞ்சு புல்டாக், இங்கிலீஷ் புல்டாக், ஷிட்ஸூ, பாக்ஸர் எல்லாமே இந்தக் குட்டை மூக்கு வகையில் கூடவோ குறையவோ வருகிறவைதான். இரைத்துத்தான் சூட்டைக் குறைக்க வேண்டும் என்கிற ஒரு பிராணிக்கு இரைப்பதே பெரும்பாடு என்றால் மே மாதத்தை அது எப்படிக் கடக்கும்?

அடுத்தது ரோமம். நீளமா குட்டையா என்பதைவிட ஒரு அடுக்கா இரண்டு அடுக்கா என்பது முக்கியம். ஹஸ்கி, சவ் சவ், செயின்ட் பெர்னார்டு, அலாஸ்கன் மாலமியூட் மாதிரி குளிர் நாட்டு நாய்களுக்கு மேல் ரோமத்துக்கு அடியில் பஞ்சு மாதிரி இன்னொரு அடுக்கு அடர்த்தியாக இருக்கும். பனியில் உடம்புச் சூட்டைப் பிடித்து வைப்பதற்காக அமைந்தது அது. ஏசி போட்டுப் பார்த்துக்கொள்வோம் என்கிறார்கள். ஹஸ்கி வண்டி இழுக்கப் பிறந்த நாய், தினமும் ஓடியே ஆக வேண்டும், அதை ஏசி அறைக்குள் எத்தனை மணி நேரம் அடைத்து வைப்பீர்கள்? மதியம் கரண்ட் போனால் என்ன செய்வீர்கள்? கோடையில் மொட்டை அடித்துவிடலாம் என்பதும் தவறான யோசனை. இரட்டை ரோமத்தை ஒட்ட வெட்டினால் தோலில் நேரடியாக வெயில் படும், திரும்ப வளரும்போது திட்டுத் திட்டாக வளரும். அடி ரோமத்தைச் சீவி எடுத்துக் காற்றுப் போக வழி செய்வது வேறு, அதைத் தாராளமாகச் செய்யலாம். 2024-ல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையில், இந்தத் தட்பவெப்பத்துக்கு ஒத்துவராதவை என்று பட்டியலிட்ட இனங்களில் பக், பிரெஞ்சு புல்டாக், ஹஸ்கி, செயின்ட் பெர்னார்டு, சவ் சவ் எல்லாம் இருந்தன. அரசு சொன்னாலும் சொல்லாவிட்டாலும், மதுரையில் இந்த ஐந்தையும் வாங்காதீர்கள் என்றுதான் நான் சொல்வேன்.

நடுவில் நிற்கிற இனங்கள் சில இருக்கின்றன. லேப்ரடாருக்கும் இரட்டை ரோமம்தான், ஆனால் குட்டையானது, மூக்கும் நீளம். நல்ல நிழலும் தண்ணீரும் இருந்து, காலை ஆறரைக்குள் நடையை முடித்துவிட்டு, எடை ஏறாமல் பார்த்துக்கொண்டால் இங்கே வளர்க்க முடியும். எடைதான் லேபுக்கு வினை. கண்டதையும் தின்னும், நாமும் பாவம் என்று போடுவோம், கொழுப்பு ஏறிய லேப் சித்திரை வெயிலில் படும் அவஸ்தையைப் பார்க்க முடியாது. ஜெர்மன் ஷெப்பர்டுக்கு ரோமம் இன்னும் அடர்த்தி, நகருக்குள் சுவர் ஒட்டிய வீடுகளில் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பொமேரியன் என்று நம் ஊரில் சொல்கிற வெள்ளைச் சடை நாய் பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ்தான், தலைமுறை தலைமுறையாக இங்கேயே வளர்ந்து பழகியது, வீட்டுக்குள் மின்விசிறி அடியில் இருந்தால் சமாளித்துவிடும், ஆனால் மழைக்காலத்தில் ரோமத்துக்குள் ஈரம் தங்கித் தோல் புண்ணாகும், தினமும் சீவ வேண்டும். சின்ன வீட்டுக்கு வெளிநாட்டு இனம்தான் வேண்டும் என்று குழந்தைகள் பிடிவாதம் பிடித்தால் டாஷ்ஹண்ட் அல்லது பீகிள் பார்க்கலாம். இரண்டுக்கும் ரோமம் குட்டை, மூக்கு நீளம். டாஷ்ஹண்டுக்கு முதுகெலும்பு பலவீனம், மாடிப்படி ஏறி இறங்க விடக்கூடாது. பீகிள் ஊளையிடும், பக்கத்து வீட்டாரை நினைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள். டாபர்மேன் வெயிலைத் தாங்கும், பழக்கத் தெரிந்த ஆள் வீட்டில் இருந்தால் மட்டும்.

இப்போது நம் மண்ணின் நாய்களுக்கு வருவோம். மதுரையைச் சுற்றி இருக்கிறவர்களுக்கு ஒரு பெரிய வசதி, நாலு நல்ல இனங்களின் சொந்த மண்ணே நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ராஜபாளையம் விருதுநகர் மாவட்டத்தில், கோம்பை தேனி மாவட்டத்தில் உத்தமபாளையம் பக்கம், சிப்பிப்பாறையும் கன்னியும் விருதுநகர், தூத்துக்குடி, திருநெல்வேலிக் கரிசல் காட்டில். 2005-ல் இந்திய அஞ்சல் துறை நாலு நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் ராஜபாளையமும் ஒன்று. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலி உரையில் நம் பக்கத்து இந்த நாலு இனங்களின் பெயரையும் சொன்ன பிறகு கிராக்கி கூடியது, கிராக்கி கூடினதும் கலப்படமும் கூடியது.

சிப்பிப்பாறை, கன்னி இரண்டும் ஒட்டிய வயிறு, நீண்ட கால், ஆழமான நெஞ்சு, ஒட்டினாற்போல் குட்டை ரோமம் கொண்ட வேட்டை நாய்கள். உடம்பில் கொழுப்பு குறைவு, ஒல்லியான உடம்பு சூட்டைச் சீக்கிரம் வெளியே விட்டுவிடும், கறவை மாட்டோடும் ஆட்டுக்கிடையோடும் காட்டில் கிடந்து பழகிய இனம் வேறு. வெயில் என்கிற ஒரு கணக்கை மட்டும் போட்டால் இவற்றுக்கு மிஞ்சியது இல்லை. ஆனாலும் யோசிக்க வேண்டும். இது ஓட வேண்டிய நாய். காலையும் மாலையும் நன்றாகக் கால் நீட்டி ஓட வேலி போட்ட இடம் இல்லாமல், இரண்டாவது மாடி வீட்டில் சங்கிலியில் கட்டி வைத்தால் அது சுருங்கிப்போகும், இல்லாவிட்டால் எதையாவது கடித்துக் குதறும். ஆளுயரக் காம்பவுண்ட் சுவரை வெகு சாதாரணமாகத் தாண்டும். கண்ணெதிரே எது ஓடினாலும் விரட்டும், பக்கத்து வீட்டுக் கோழி, பூனை, ஆட்டுக்குட்டி எதுவும் விலக்கு இல்லை, கிராமத்தில் இதனாலேயே பெரிய சண்டை வந்துவிடும். முயல் வேட்டைக்கு என்று வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம், அதற்காக ஒரு நாயைப் பழக்காதீர்கள். இன்னொன்று, இந்த நாய்க்கு விலா எலும்பு லேசாகத் தெரிவதுதான் ஆரோக்கியம். வருகிறவர் போகிறவரெல்லாம் ‘ஏன் இப்படிப் பட்டினி போட்டு வைத்திருக்கிறீர்கள்’ என்று கேட்பார்கள், அதற்காகச் சோற்றைக் கூட்டிப் போட்டு உடம்பை ஏற்றிவிட வேண்டாம்.

ராஜபாளையம் பார்க்க ராஜா மாதிரிதான், ஒத்துக்கொள்கிறேன். பால் வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு. பெரிய உருவம், வீட்டு ஆட்களைத் தவிர யாரையும் நெருங்க விடாது, காவலுக்கு அருமை. அந்த வெள்ளைக்கு ஒரு விலை உண்டு. தோலிலும் ரோமத்திலும் நிறம் தருகிற அதே வகை உயிரணுக்கள் உள்காதிலும் இருந்தால்தான் காது கேட்கும், அவை இல்லாமல் பிறக்கிற குட்டிகளுக்கு ஒரு காதோ இரண்டு காதுமோ கேட்காது. டால்மேஷியனுக்கும் இதே தொல்லை உண்டு. வெயில் பக்கம் பார்த்தால், மூக்கும் காது ஓரமும் நிறமில்லாத தோல் என்பதால் உச்சி வெயிலில் கருகிப் புண்ணாகும். நிழல் வராந்தாவும் பெரிய காம்பவுண்டும் இருக்கிறவர்கள் வாங்கலாம். கோம்பை அளவில் கொஞ்சம் கச்சிதம், செவலை நிறம், முகத்தில் கறுப்பு, நல்ல தைரியம். தோட்ட வீட்டுக்கு, தென்னந்தோப்புக்கு இதைத்தான் முதலில் சொல்வேன். கோபம் சட்டென்று வரும், சின்னப் பிள்ளைகள் ஓடியாடுகிற வீட்டில் குட்டியிலிருந்தே எல்லோரோடும் பழக்கினால்தான் சரிப்படும்.

இந்த நாலுமே உங்கள் வீட்டுக்குச் சரிப்படவில்லை என்று தோன்றுகிறதா? மதுரை நகருக்குள் இருக்கிற பெரும்பாலான வீடுகளுக்குச் சரிப்படாதுதான். அப்போது என் பதில் ஒன்றே ஒன்று, தெருவில் பிறந்த நாட்டு நாய்க்குட்டி. குட்டை ரோமம், நீளமான மூக்கு, விறைத்த காது, பதினைந்து இருபது கிலோவுக்குள் நடுத்தர உடம்பு. இந்த வெயிலில் எது பிழைக்குமோ அதுதான் தலைமுறைக்குத் தலைமுறை குட்டி போட்டு வந்திருக்கிறது, யாரும் அழகுக்காகத் தேர்ந்தெடுத்துக் கெடுக்கவில்லை. கிடைப்பதைத் தின்னும், சொன்னால் புரிந்துகொள்ளும், வீட்டை அப்படிக் காக்கும். தெருவில் ஒரு தாய் நாய் குட்டி போட்டால் கடுவன் குட்டிகளை யாராவது தூக்கிப் போய்விடுவார்கள், பொட்டைக் குட்டிகள் மட்டும் அப்படியே நிற்கும். அதில் ஒன்றை எடுத்து வளருங்கள். ஏழெட்டு மாதத்தில் கருத்தடை செய்துவிட்டால் எந்தத் தொந்தரவும் இல்லை, காவலுக்கும் பாசத்துக்கும் பொட்டை ஒரு மாற்றுக் குறையாது. தெரு நாய் என்று முகம் சுளிக்கிற பெரியவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களிடமே குட்டிக்குச் சோறு வைக்கிற வேலையைக் கொடுத்துவிடுங்கள்.

குட்டியை நேரில் பார்க்கப் போகும்போது என்ன செய்ய வேண்டும் என்று இனி பார்க்கலாம். படத்தைப் பார்த்துப் பணம் அனுப்பாதீர்கள். தாயைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள், முடிந்தால் தகப்பனையும். தாய் ஊரில் இருக்கிறது, தோட்டத்தில் இருக்கிறது என்று சாக்குச் சொன்னால் வந்த வழியே திரும்பிவிடலாம். இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்தவையா என்று தயங்காமல் கேட்டுவிடுங்கள், நம் நாட்டு இனங்களில் நெருங்கிய உறவுக்குள்ளேயே சேர்த்துச் சேர்த்துத்தான் பல கோளாறுகள் வருகின்றன. 2017-ஆம் வருஷத்து மத்திய அரசு விதிப்படி எட்டு வாரம் முடியாத குட்டியை விற்கக் கூடாது, விற்கிறவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். ‘முப்பது நாள் குட்டி, இப்போதே எடுத்தால்தான் உங்களோடு ஒட்டும்’ என்கிற பேச்சை நம்ப வேண்டாம். தாயோடும் கூடப் பிறந்ததுகளோடும் இருந்து கடிக்கவும் விளையாடவும் கற்றுக்கொள்கிற வயது அது.

குட்டிகள் இருக்கிற இடத்துக்குக் காலை வேளையில் போங்கள். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, எது தானாக வருகிறது, எது மூலையிலேயே கிடக்கிறது என்று பாருங்கள். ராஜபாளையம் என்றால் ஒவ்வொரு குட்டியையும் தனியாகப் பிரித்து, அது வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது முதுகுக்குப் பின்னால் சாவிக்கொத்தை உலுக்க வேண்டும். கூட்டமாக இருக்கும்போது உலுக்கினால் காது கேட்காத குட்டியும் மற்றது திரும்புவதைப் பார்த்துத் தானும் திரும்பும். கையைத் தட்டினால் காற்று பட்டே திரும்பிவிடலாம், அதனால்தான் சாவி. ஒரு காது மட்டும் கேட்காததை இப்படிக் கண்டுபிடிக்க முடியாது என்பதும் ஞாபகம் இருக்கட்டும். பிறகு குட்டியைத் தூக்கி ஈறைப் பாருங்கள், இளஞ்சிவப்பாக ஈரமாக இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் வயிற்றுப் பூச்சியோ உண்ணியோ ரத்தத்தைக் குடிக்கிறது. காது மடிப்பிலும் கால் விரல் இடுக்கிலும் விலக்கிப் பாருங்கள், உண்ணி முதலில் அங்கேதான் ஒட்டும். நம் வெக்கைக்கு உண்ணி வருஷம் முழுக்க உண்டு, சுவர் இடுக்கில் கூட முட்டை வைக்கும், அதனால் வரும் காய்ச்சலில் நல்ல நாய்களே போய்ச் சேர்ந்திருக்கின்றன. வயிறு மட்டும் பானை மாதிரி உப்பியிருந்தால் பூச்சி. பேதி இருந்தால் அந்த ஈற்றில் எந்தக் குட்டியையும் எடுக்க வேண்டாம், பார்வோ என்கிற கொடிய வைரஸ் நோயாக இருக்கலாம். தடுப்பூசி அட்டையில் கால்நடை மருத்துவரின் கையெழுத்தும் மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய லேபிளும் இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் தேதி எழுதின அட்டை யாரும் எழுதிவிடலாம். இனச் சான்றிதழ் கொடுத்தால் நல்லது, ஆனால் அது பரம்பரையைத்தான் சொல்லும், ஆரோக்கியத்தைச் சொல்லாது.

எப்போது கொண்டுவருவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பங்குனியிலிருந்து வைகாசி வரைக்கும் குட்டி எடுக்க வேண்டாம். புது இடம், தாயைப் பிரிந்த ஏக்கம், தடுப்பூசி, எல்லாம் ஒன்றாகச் சேரும்போது வெயிலும் சேர்ந்தால் தாங்காது. மார்கழி, தை சரியான காலம். சித்திரை வருவதற்குள் குட்டிக்குத் தடுப்பூசிச் சுற்று முடிந்து, மூன்று மாதத்தில் போட வேண்டிய வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் போட்டு, வீடும் பழகியிருக்கும். முதல் கோடையில் காலை வெயில் ஏறுமுன் ஒரு நடை, ராத்திரி தார் ரோடு ஆறின பிறகு ஒரு நடை போதும். மண் தரையில் வேப்ப மரத்து நிழலில் ஓர் இடம் ஒதுக்கிக் கொடுத்தால் அதுவே மேல்மண்ணைப் பறித்துவிட்டுக் குளிர்ந்த அடிமண்ணில் வயிற்றை வைத்துப் படுத்துக்கொள்ளும். குழி பறிக்கிறதே என்று அடிக்காதீர்கள். தண்ணீருக்கு மண்சட்டி வையுங்கள், பிளாஸ்டிக் கிண்ணத்தில் அரை மணியில் சுட்டுவிடும்.

எந்த இனமாக இருந்தாலும் வெப்பத் தாக்கு வரலாம், சிப்பிப்பாறைக்கும் வரும். இரைப்பு நிற்காமல் வேகமாகி, எச்சில் கெட்டியாக நூல் நூலாக ஒழுகி, ஈறு செக்கச்செவேல் என்று ஆகி, நடை தள்ளாடினால் ஒரு நிமிஷமும் வீணாக்கக் கூடாது. நிழலுக்குத் தூக்கிப்போய் உடம்பு முழுக்கத் தண்ணீரை ஊற்றி, மின்விசிறியை முகத்துக்கு நேராக வையுங்கள். மாடி டேங்கில் இருந்து வருகிற குழாய்த் தண்ணீர் மதியத்தில் கொதிக்கும், அதை ஊற்றாதீர்கள், தரைத்தொட்டியிலோ குடத்திலோ இருக்கிற தண்ணீரை எடுங்கள். ஈரத்துண்டைப் போர்த்தி மூடிவைக்கக் கூடாது, உள்ளே சூடு அடைபட்டுக்கொள்ளும். தானாகக் குடித்தால் குடிக்கட்டும், வாயில் ஊற்றினால் புரையேறிவிடும். கொஞ்சம் குளிர்ந்ததும் ஆட்டோ பிடித்து மருத்துவரிடம் கொண்டுபோங்கள், போகிற வழியிலும் தண்ணீர் தெளித்துக்கொண்டே போங்கள். எழுந்து வாலாட்டிவிட்டது, சரியாகிவிட்டது என்று வீட்டிலேயே நிறுத்திக்கொள்ள வேண்டாம். சிறுநீரகத்துக்கு ஏற்பட்ட பாதிப்பு மறுநாளோ அதற்கு மறுநாளோதான் வெளியே தெரியும், அதை ரத்தப் பரிசோதனை செய்தால்தான் கண்டுபிடிக்க முடியும்.